உலையின் அளவுகோல் யார் கையில்?

புனே நகரின் வடமேற்கில், முலா ஆற்றங்கரையில், பழைய மும்பை சாலையை ஒட்டி அமைந்திருக்கிறது போபோடி. அதன் ஒரு புறம் கட்கி. 1869இல் பிரிட்டிஷ் ஆட்சி அமைத்த வெடிமருந்துத் தொழிற்சாலையும், டீசல் எஞ்சின் ஆலையும் அங்கே நிற்கின்றன. ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் தாபோடி, காசர்வாடி, பிம்ப்ரி, போசரி எனத் தொழிற்பேட்டைகள் நீள்கின்றன. மராத்தியர்களும் கன்னடர்களும், கண்டோன்மென்ட் காலத்திலிருந்து இவ்வட்டாரத்தில் குடியேறிய தமிழர்களும், உத்தரப்பிரதேசம், பீகாரிலிருந்து வந்த ஒப்பந்தத் தொழிலாளர்களும் இந்தச் சாலை வழியாகத்தான் ஷிப்டுக்குச் செல்கிறார்கள்.

அவர்களில் ஒரு பகுதியினருக்கு வேலை ஃபோர்ஜிங் பட்டறையில். எஃகுக் கட்டியை ஏறத்தாழ 1,200 டிகிரி செல்சியஸ் வரை காய்ச்சிச் சம்மட்டி எந்திரத்தில் அடித்து, வண்டிகளுக்கான உதிரிபாகமாக்கும் தொழில் அது. பழைய உலையில் எரியும் எண்ணெயின் வெப்பத்தில் சிறு பகுதியே எஃகைச் சென்றடைகிறது. பெரும்பகுதி புகைபோக்கி வழியாகவும், மூடாத உலைவாய் வழியாகவும், தேய்ந்த சுவர் வழியாகவும் வெளியேறுகிறது. எரிசக்தித் தணிக்கையாளரின் ஏட்டில் இதற்கு 'வெப்ப இழப்பு' என்று பெயர். அது ரூபாயில் கணக்கிடப்படுகிறது. உலைவாய்க்கு முன்னால் எட்டு மணி நேரம் நிற்கும் தொழிலாளியின் உடல்மீதுதான் அந்த இழப்பு வந்து விழுகிறது. அதற்கு எந்த ஏட்டிலும் பத்தி இல்லை.

கனரகத் தொழிலின் எரிசக்தித் திறன் பற்றி இன்று நாடெங்கும் பேசப்படுகிறது. ஒரு டன் எஃகுக்கு, ஒரு டன் சிமெண்டுக்கு எவ்வளவு எரிசக்தி செலவாகிறது என்று அளந்து, அதைக் குறைக்க வேண்டும் என்பதில் தொழிலாளி வர்க்கத்துக்கு எந்த மாறுபாடும் இல்லை. நிலக்கரி மக்களின் சொத்து. அதை வீணாக எரிப்பது சமூகத்துக்கு இழைக்கும் அநீதி. கேள்வி வேறு. அளவுகோலை யார் வகுக்கிறார்கள்? யார் அளக்கிறார்கள்? அளந்து கிடைத்த பலன் யாருக்குப் போய்ச் சேருகிறது?

சலுகையாக மாறிய இலக்கு

எரிசக்திச் சேமிப்புச் சட்டம் 2001இல் நிறைவேறியது. அடுத்த ஆண்டு எரிசக்தித் திறன் பணியகம் அமைக்கப்பட்டது. 2012இல் 'பாட்' என்னும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. இலக்கை விஞ்சிய ஆலை சான்றிதழ் பெறும். தவறிய ஆலை அதை விலைக்கு வாங்கிக் கணக்கை நேர் செய்துகொள்ளும். இதுவே திட்டத்தின் சாரம். அலுமினியம், சிமெண்ட், குளோர்-ஆல்கலி, உரம், இரும்பு எஃகு, காகிதம், ஜவுளி, அனல் மின்சாரம் ஆகிய எட்டுத் துறைகளில் 478 ஆலைகள் முதல் சுற்றில் சேர்க்கப்பட்டன.

மூன்றாண்டுகளில் 66.86 லட்சம் டன் எண்ணெய்க்கு ஈடான எரிசக்தியைச் சேமிப்பது இலக்கு. சேமித்ததோ 86.7 லட்சம் டன். இலக்கைக் காட்டிலும் 30 சதவீதம் கூடுதல் என்று அரசு பெருமைப்பட்டுக்கொண்டது. சேமிப்பு உண்மையானதே, அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த ஆலைகள் மொத்தமாகச் செலவிட்ட எரிசக்தி ஏறத்தாழ 16.5 கோடி டன். இலக்கு அதில் 4 சதவீதம்தான். ஒவ்வொரு ஆலைக்கும் அடிப்படையாக வைக்கப்பட்டது, 2007 முதல் 2010 வரை அதே ஆலை செலவழித்த எரிசக்தியின் சராசரி. நேற்றைய தன்னைவிட இன்று சற்று மேம்பட்டால் போதும் என்று சொல்லிவிட்டு, அதையும் தாண்டிவிட்டார்கள் என்று மாலை சூட்டுவது எவ்வகை நியாயம்? தேர்வில் அனைவரும் நூற்றுக்கு நூற்று முப்பது வாங்கினால், கேள்வித்தாளின் தரத்தைத்தான் ஐயுற வேண்டும்.

ஐரோப்பியக் கரிமச் சந்தையில் ஒரு துறையின் மிகச்சிறந்த 10 சதவீத ஆலைகளின் சராசரியே அளவுகோல். அந்தச் சந்தையிலும் இலவச ஒதுக்கீட்டைக் காட்டி முதலாளிகள் ஆதாயம் பார்த்தார்கள் என்பது வேறு கதை. அளவுகோல் என்றால் மேலே இருப்பதைப் பார்த்து வைப்பது என்ற அளவிலாவது அங்கே பொருள் புரிந்திருந்தது.

சந்தையில் என்ன நடந்தது? முதல் சுற்று 2015 மார்ச்சில் முடிந்தது. சான்றிதழ் வணிகம் 2017 செப்டம்பரில்தான் தொடங்கியது. வழங்கப்பட்டவை ஏறத்தாழ 38 லட்சம் சான்றிதழ்கள். வாங்க வேண்டியிருந்தவை 14 லட்சம் சொச்சம். வரத்து தேவையைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேல் இருந்தால் விலை என்னவாகும் என்பது காய்கறிச் சந்தைக்குச் செல்லும் எவருக்கும் தெரியும். 1,200 ரூபாயில் தொடங்கிய விலை 200 ரூபாய் வரை சரிந்தது. ஏறத்தாழ 13 லட்சம் சான்றிதழ்கள் சுமார் 100 கோடி ரூபாய்க்குக் கைமாறின. அதாவது ஒன்று சராசரியாக 770 ரூபாய்.

ஒரு சான்றிதழ் என்பது ஒரு டன் எண்ணெய்க்கு ஈடான எரிசக்தி. 2014-15ஆம் ஆண்டுக்கு அதற்கு அரசே நிர்ணயித்த மதிப்பு 10,968 ரூபாய். இலக்கில் தவறிய முதலாளி அதில் பதினான்கில் ஒரு பங்கைக் கட்டிவிட்டுக் கடமை தீர்ந்தது என்று எழுந்து போக முடிந்தது. ஆலையில் புதிய கருவி பொருத்துவதைவிடத் தாளை வாங்குவது மலிவு என்றால் அவர் எதைச் செய்வார்?

அதே பாடத்தை இன்னும் பெரிதாக எழுதப் புறப்பட்டிருக்கிறது மோடி அரசு. 2022இல் சட்டம் திருத்தப்பட்டது. 2023இல் கரிம வணிகத் திட்டம் அறிவிக்கப்பட்டது. 2025 அக்டோபரில் முதற்கட்டமாக அலுமினியம், சிமெண்ட், குளோர்-ஆல்கலி, காகிதம் ஆகிய துறைகளில் 282 ஆலைகளுக்கு இலக்குகள் வெளியாயின. தவறும் ஆலை செலுத்த வேண்டிய இழப்பீடு, கரிமச் சான்றிதழின் சராசரிச் சந்தை விலையைப்போல் இரு மடங்கு. சந்தை சரிந்தால் தண்டனையும் சரியும். திருடனின் வருமானத்துக்கேற்ப அபராதத்தைக் குறைக்கும் நீதிமன்றத்துக்கும் இதற்கும் வேறுபாடு என்ன?

பச்சை வண்ணம் பூசிய எஃகு

எஃகுத் துறையைப் பார்ப்போம். இந்தியாவின் ஒருங்கிணைந்த எஃகு ஆலைகளில் ஒரு டன் கச்சா எஃகுக்கு 6 முதல் 6.5 ஜிகா கலோரி வரை செலவாகிறது என்றும், வெளிநாட்டு ஆலைகளில் 4.5 முதல் 5 வரைதான் என்றும் ஒன்றிய எஃகு அமைச்சகமே சொல்லியிருக்கிறது. ஒரு டன் எஃகுக்கு இந்தியா வெளியிடும் கரியமில வாயு 2.54 டன், உலகச் சராசரி 1.91 டன். இதுவும் அமைச்சகத்தின் கணக்கே.

இந்த இடைவெளியை எப்படி அடைப்பது? 2024 டிசம்பரில் 'பசுமை எஃகு' என்பதற்கு அரசு இலக்கணம் வகுத்தது. ஒரு டன்னுக்கு 2.2 டன்னுக்குக் கீழே வாயு வெளியிட்டால் அது பசுமை எஃகு. 2.0 முதல் 2.2 வரை மூன்று நட்சத்திரம், 1.6 முதல் 2.0 வரை நான்கு. அதற்கும் கீழே ஐந்து. இரு கணக்குகளிலும் அளக்கும் எல்லை முற்றிலும் ஒன்றல்ல என்பதை ஒப்புக்கொண்டாலும், உலகச் சராசரியைவிட அதிகம் புகை கக்கும் எஃகுக்கு இங்கே மூன்று நட்சத்திரம் கிடைக்க வழியுண்டு என்பதே இதன் பொருள். இடைவெளியை அடைக்க உலையை மாற்றவில்லை. சொல்லின் பொருளை மாற்றிவிட்டார்கள்.

இந்திய நிலக்கரியில் சாம்பல் அதிகம், இரும்புத் தாதுவில் அலுமினா அதிகம், பழைய எஃகு போதிய அளவு கிடைப்பதில்லை என்று முதலாளிகள் சங்கங்கள் சொல்லும். இவை மெய்யான தடைகள்தாம். ஆனால் புகையின் வெப்பத்தை மீட்பது, உலை வாயுவிலிருந்து மின்சாரம் எடுப்பது, கோக்கை நீரில் நனைக்காமல் உலர்முறையில் குளிர்வித்து அதன் வெப்பத்தைப் பயன்படுத்துவது ஆகியவற்றுக்கு எந்தத் தாதுவும் தடை சொல்வதில்லை. தடை சொல்வது முதலீட்டுக் கணக்கு. போட்ட பணம் மூன்றாண்டில் திரும்பாது என்றால் உலை அப்படியே இருக்கட்டும் என்கிறது இலாபம்.

மலிவுக்கு உழைக்கும் சிறு பட்டறை

'பாட்' வளையத்துக்குள் வருபவை பெரிய ஆலைகள். போசரியின் சிறு ஃபோர்ஜிங் பட்டறைகள் அதற்கு வெளியே நிற்கின்றன. இவற்றுக்காக 2010இல் வேறொரு திட்டம் வந்தது. உலக வங்கியும் உலகச் சூழல் நிதியமும் துணை நிற்க, சிட்பி வங்கியும் எரிசக்தித் திறன் பணியகமும் நடத்திய அத்திட்டத்துக்கு ஐந்து தொழில் வட்டாரங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. கோலாப்பூரின் வார்ப்பாலைகள், புனேயின் ஃபோர்ஜிங் பட்டறைகள், அங்கலேஷ்வரின் ரசாயன ஆலைகள், ஃபரீதாபாத்தின் பலவகைத் தொழில்கள், தமிழ்நாட்டில் திருநெல்வேலியின் சுண்ணாம்புச் சூளைகள். போபோடிக்கு அருகிலுள்ள உலையும் தாமிரபரணிச் சீமையின் சூளையும் ஒரே கோப்பில் இடம்பெற்றன.

கண்டறியப்பட்ட குறைகளும் ஏறத்தாழ ஒன்றே. பழைய உலை, வெப்பம் கசியும் சுவர், அளவுக்கு மீறிய காற்று, மீட்கப்படாத புகைவெப்பம். மருந்தும் தெரிந்ததே. புகையின் வெப்பத்தைக் கொண்டு உலைக்குப் போகும் காற்றைச் சூடாக்கும் ரெக்யூபரேட்டர், நல்ல பர்னர், கனமில்லாத வெப்பத்தடுப்புப் பூச்சு, இயன்ற இடத்தில் எண்ணெய்க்குப் பதில் மின் தூண்டல் முறை. வங்கிக்குத் தக்க திட்ட அறிக்கை தயாரிப்பதும், கடன் வாங்க வழிகாட்டுவதும் திட்டத்தின் மையம்.

ஆனால் சிறு பட்டறையின் நோய் உலையில் மட்டும் இல்லை. அது பெரிய வண்டி நிறுவனங்களுக்கு ஜாப் ஒர்க் செய்து பிழைக்கிறது. விலையைத் தீர்மானிப்பவர் வாங்குபவர். ஆண்டுதோறும் விலையைக் குறைக்கச் சொல்லி நெருக்குபவரும் அவரே. எரிபொருளில் மிச்சம் பிடித்தால் அந்த மிச்சமும் அடுத்த ஆண்டு விலைக்குறைப்பில் மேலே போய்விடும். பில் தொகை மாதக்கணக்கில் நிலுவையில் கிடக்கும் பட்டறை, எதை ஈடாக வைத்துக் கடன் வாங்கும்? ஆகவே அது எளிய வழியைத் தேடுகிறது. உலையை மாற்ற வழியில்லாத இடத்தில் நிரந்தரத் தொழிலாளி நீக்கப்பட்டு ஒப்பந்தத் தொழிலாளி வருகிறார்.

இதற்கு மேல் ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லைக் கரிம வரி 2026 ஜனவரி முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்துள்ளது. இரு நூற்றாண்டுகள் நிலக்கரியை எரித்தும் காலனிகளைச் சுரண்டியும் தொழில் வளர்த்தவர்கள், இன்று இந்திய எஃகின் புகைக்கு விலை கேட்கிறார்கள். இது பசுமைச் சட்டை அணிந்த வணிகத் தடை. ஆனால் அதை எதிர்ப்பதாகச் சொல்லிக்கொண்டு உள்நாட்டுப் பெருமுதலாளி தன் பழைய உலையைக் காத்துக்கொள்வதை அனுமதிக்க முடியாது. ஐரோப்பா கேட்கும் கரிமக் கணக்கும் அதன் செலவும் படிப்படியாக இறங்கிக் கடைசியில் சிறு பட்டறையின் மேசைக்கும் அதன் தொழிலாளியின் தலைக்கும்தான் வந்து சேர்கின்றன.

சேமித்தது யாருக்கு?

இந்தியாவில் எரிசக்தித் திறன் வளர முடியாது என்று எவரும் சொல்ல வேண்டாம். இந்தியச் சிமெண்ட் ஆலைகள் உலகின் சிறந்த ஆலைகளோடு ஒப்பிடத்தக்க திறனை எட்டியுள்ளன. அந்தத் தொழிலின் செலவில் நிலக்கரிக்கும் மின்சாரத்துக்கும் பெரும் பங்கு உண்டு. எனவே சிக்கனம் இலாபமாகத் தெரிந்தது, செய்தார்கள். அந்தச் சிக்கனம் வீடு கட்டுபவருக்கு வந்து சேர்ந்ததா? 'பாட்' தொடங்கிய அதே 2012இன் ஜூன் மாதத்தில்தான், கூடிப் பேசி விலையை உயர்த்தியதாக 11 சிமெண்ட் நிறுவனங்கள்மீது இந்தியப் போட்டி ஆணையம் 6,000 கோடி ரூபாய்க்கும் மேல் அபராதம் விதித்தது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2018இல் அபராதத்தை உறுதி செய்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. உலையில் திறன் கூடிய காலத்தில் மூட்டையின் விலை எந்த வழியில் தீர்மானிக்கப்பட்டது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

'மூலதனம்' நூலின் மூன்றாம் தொகுதியில், எந்திரம், எரிபொருள், கட்டடம் ஆகியவற்றில் முதலாளி காட்டும் சிக்கனத்துக்கென ஒரு தனி அத்தியாயத்தையே மார்க்ஸ் ஒதுக்கினார். பொருளில் கஞ்சத்தனம் காட்டும் மூலதனம் மனித உயிரில் ஊதாரித்தனம் காட்டுகிறது என்பதை அன்றைய பிரிட்டிஷ் தொழிற்சாலை ஆய்வாளர்களின் அறிக்கைகளைக் கொண்டே அவர் நிறுவினார். காற்றோட்டமில்லாத பட்டறையும் பாதுகாப்பில்லாத எந்திரமும் அந்தச் 'சிக்கனத்தின்' பகுதியே. வெப்பத்தால் இந்தியா 2030இல் 5.8 சதவீத வேலை நேரத்தை, அதாவது 3.4 கோடி முழுநேர வேலைகளுக்கு ஈடானதை இழக்கும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2019இல் மதிப்பிட்டது. வெயிலோடு உலைவெப்பமும் சேர்ந்து தாக்கும் பட்டறையில் நிலைமை எத்தகையது என்பதை விளக்க வேண்டியதில்லை.

உலையை அறிந்தவர் யார்?

அழுத்தக் காற்றை எடுத்துக்கொள்வோம். ஆலைகளில் மிக விலையுயர்ந்த எரிசக்தி அதுவே. கம்ப்ரசருக்குக் கொடுக்கும் மின்சாரத்தில் 10 முதல் 30 சதவீதம்தான் கருவியின் முனையில் பயன் தருகிறது. எஞ்சியது வெப்பமாகப் போகிறது. 7 பார் அழுத்தமுள்ள குழாயில் 3 மில்லிமீட்டர் ஓட்டை விழுந்தால் ஏறத்தாழ 3 கிலோவாட் வீணாகும். ஆண்டுக்கு 8,000 மணி நேரம் ஓடினால் 24,000 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 1,92,000 ரூபாய். மாதம் 16,000 ரூபாய் பெறும் ஒப்பந்தத் தொழிலாளி ஒருவரின் ஓராண்டு ஊதியம் அது. அவருக்கு நூறு ரூபாய் உயர்வு கேட்டால் ஆலை நொடித்துவிடும் என்கிறார்கள். ஓட்டை மட்டும் இரவும் பகலும் சீறிக்கொண்டே இருக்கிறது.

அந்தச் சீற்றத்தை நாள்தோறும் கேட்பவர் யார்? உலைமூடி எத்தனை நிமிடம் திறந்து கிடக்கிறது, உருக்கிய இரும்பு அச்சு வராமல் எவ்வளவு நேரம் காத்திருக்கிறது, எந்த வால்வு இரண்டாண்டாகப் பழுதாகியிருக்கிறது என்பதெல்லாம் உலையருகே நிற்பவருக்குத்தான் தெரியும். சட்டமோ எரிசக்தி மேலாளரைக் கேட்கிறது. அங்கீகாரம் பெற்ற தணிக்கையாளரைக் கேட்கிறது. அந்தத் தணிக்கையாளரை அமர்த்திக் கட்டணம் தருவது அளக்கப்படும் ஆலையே. ஆலைவாரித் தணிக்கை அறிக்கை மக்கள் பார்வைக்கு வைக்கப்படுவதும் இல்லை. வாயிலில் பூட்டிய கணக்கை நம்பும்படி நாடு கேட்டுக்கொள்ளப்படுகிறது.

தொழிலாளிக்கு இதில் இடம் தர முடியாது என்பதற்குச் சட்டத்தில் காரணம் எதுவும் இல்லை. அரசியல் சட்டத்தின் 43-ஏ பிரிவு தொழில் நிர்வாகத்தில் தொழிலாளர் பங்கேற்பை 1976 முதல் வலியுறுத்துகிறது. போபால் பேரழிவுக்குப் பிறகு 1987இல் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டபோது, அபாயகரமான ஆலைகளில் தொழிலாளரும் நிர்வாகமும் சம எண்ணிக்கையில் அமரும் பாதுகாப்புக் குழு சட்டமாயிற்று. ஆயிரக்கணக்கான உயிர்களைக் கொடுத்துப் பெற்ற உரிமை அது. பழைய தொழிலாளர் சட்டங்களை அகற்றி நான்கு தொகுப்புகளை 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைப்படுத்திய அரசு, எரிசக்தி விஷயத்தில் இத்தகைய குழுவைப் பற்றி எண்ணிப் பார்க்கக்கூட இல்லை.

தொழிலாளிக்கு அத்தகைய அறிவு உண்டா என்று ஏளனம் செய்பவர்கள் 1976இன் பிரிட்டனைப் பார்க்கட்டும். லூகாஸ் ஏரோஸ்பேஸ் நிறுவனம் ஆட்குறைப்பு செய்ய முனைந்தபோது, அதன் தொழிற்சங்கப் பிரதிநிதிகள் மாற்றுத் திட்டம் ஒன்றை முன்வைத்தார்கள். வெப்ப பம்பும் காற்றாலையும் கலப்பு எஞ்சினும் உட்பட ஏறத்தாழ 150 பொருள்களை அது பட்டியலிட்டது. நிர்வாகம் நிராகரித்தது. இன்று உலகமே அவற்றின் பின்னால் ஓடுகிறது.

மக்களின் அளவுகோல்

எனவே கோரிக்கைகள் தெளிவாக எழ வேண்டும். ஒவ்வொரு ஆலையும் ஒரு டன் உற்பத்திக்குச் செலவிடும் எரிசக்தி எவ்வளவு, இலக்கு எவ்வளவு என்பதை ஆலை வாயிலில் அந்த மாநிலத்தின் மொழியில் எழுதி வைக்க வேண்டும். இலக்கு ஆலையின் பழைய கணக்கைப் பார்த்து வைக்கப்படாமல், துறையின் சிறந்த ஆலைகளைப் பார்த்து வைக்கப்பட்டு, காலவரையறையோடு இறுக்கப்பட வேண்டும். தணிக்கையாளரை அரசு நியமித்துப் பொது நிதியிலிருந்து ஊதியம் தர வேண்டும். தவறும் ஆலைக்கான தண்டனை சந்தை விலையோடு ஏறி இறங்காமல், வீணாக்கிய எரிசக்தியின் முழு மதிப்பாக இருக்க வேண்டும்.

பாதுகாப்புக் குழுவைப் போன்று, பாதித் தொழிலாளர் இடம்பெறும் எரிசக்திக் குழு சட்டமாக வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளருக்கும் அதில் இடம் வேண்டும். பணியிட வெப்பமும் அதே அறிக்கையில் அளந்து எழுதப்பட வேண்டும். திறன் மேம்பாடு என்ற பெயரில் ஆட்குறைப்போ வேலைப்பளு ஏற்றமோ கூடாது. சிறு பட்டறைகளுக்குப் பொதுத்துறை வங்கிகள் எளிய கடன் தரவும், அவற்றிடம் வாங்கும் பெருநிறுவனங்கள் உலை மாற்றத்தின் செலவில் பங்கேற்கவும் சட்டம் வழி செய்ய வேண்டும்.

இவற்றில் எதுவும் புரட்சிக்குப் பிறகு மட்டுமே இயலக்கூடியது அல்ல. புனேயிலும் கோயம்புத்தூரிலும் சேலத்திலும் ஊதிய ஒப்பந்தக் கோரிக்கைப் பட்டியலில் தொழிற்சங்கங்கள் இன்றே ஒரு வரியைச் சேர்க்கலாம்: ஆலையின் எரிசக்திக் கணக்கைத் தொழிலாளியின் கண்முன் வை. அந்தக் கணக்கு திறந்தால் இன்னும் பல கணக்குகள் திறக்கும். முதலாளிகள் அஞ்சுவதும் அதற்குத்தான்.

பருவமழையில் முலா ஆறு பெருகும்போது போபோடியின் கரையோரக் குடிசைகளில்தான் முதலில் நீர் புகுகிறது. கோடையில் உலைவாயின் அனலைத் தாங்குபவர்களும் அந்தக் குடிசைகளிலிருந்து வருபவர்களே. வீணாகும் வெப்பத்தின் விலையை இருமுறை செலுத்துபவர்களுக்கு, அந்த உலையை அளக்கும் கோலைக் கையில் எடுக்க எவரிடமும் அனுமதி கேட்க வேண்டிய தேவை இல்லை.